தேர்வு நாளும் பேறு நாளும்

2023 நவம்பரில் உரிமையியல் நீதிபதி பதவிக்கான முதன்மைத் தேர்வு நடந்தது. எழுத வேண்டியவர்களில் ஒருவர் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, மலையாளிப் பழங்குடிப் பெண். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவருக்குக் குழந்தை பிறந்தது. பச்சை உடம்போடு 200 கிலோமீட்டருக்கு மேல் காரில் பயணம் செய்து, சென்னைக்கு வந்து எழுதினார். 2024 பிப்ரவரியில் அவர் தேர்ச்சி பெற்ற செய்தி வந்தபோது வயது 23. ஊர் மேளதாளத்தோடு வரவேற்றது. முதலமைச்சர் வாழ்த்தினார்.

செய்தியைப் படித்த எல்லோரும் அவருடைய மன உறுதியைச் சொன்னார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் என்னை உறுத்தியது வேறு. தேர்வுத் தேதி அசையவில்லை, பிள்ளை பெற்றவள்தான் அசைந்தாள். நம் வீடுகளில் பச்சை உடம்புக்காரியைக் காற்றுப் படாமல் காப்பார்கள், வாசல் தாண்ட விடமாட்டார்கள். அவள் வண்டி ஏறி மலை இறங்கியதைச் சாதனை என்று கொண்டாடுகிறோம். அப்படி இறங்க வைத்த ஏற்பாட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. பெண் வழக்கறிஞராகலாம் என்பதையே 1923இல் ஒரு தனிச் சட்டம் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு முன் கல்கத்தா, பாட்னா உயர் நீதிமன்றங்கள் பட்டம் பெற்ற பெண்களைத் திருப்பி அனுப்பியிருந்தன. கதவு திறந்த பிறகு தடை வேறு உருவில் வந்தது. திருமணமான பெண்ணுக்கு அரசு வேலை தந்தால் குடும்பம் என்னாவது என்ற வாதம் 1920களின் இறுதியில் திருவிதாங்கூரில் எழுந்தது. அதை மேடையேறி மறுத்தவர் அன்னா சாண்டி. அவர் 1937இல் முன்சீப் ஆனார். 1959இல் கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார், இந்தியாவின் முதல் பெண் உயர் நீதிமன்ற நீதிபதியாக.

குடும்பம் என்ற சொல்லின் இடத்தில் பிறகு கருப்பை என்ற சொல் வந்தது. விமானப் பணிப்பெண் முதல் கருவுற்றதும் வேலை போய்விடும் என்ற விதி ஏர் இந்தியாவில் இருந்தது. அதை உச்ச நீதிமன்றம் 1981இல்தான் ரத்து செய்தது.

இன்று அப்படி வெளிப்படையான விதி எதுவும் இல்லை. இருப்பது காலக்கணக்கு. படித்து முடிப்பதும் வேலையில் நுழைவதும் திருமணமும் முதல் பிள்ளையும் ஒரே சில ஆண்டுகளுக்குள் வந்து நெருக்குகின்றன. ஆணுக்கும் அவை வேலை தேடும் ஆண்டுகள்தாம். ஆனால் தகப்பனாவதற்காக அவன் தேர்வைத் தவறவிட வேண்டியதில்லை.

ஸ்ரீபதிக்குப் படிப்பின் நடுவிலேயே திருமணம் ஆனது. படிப்பு நிற்கவில்லை. தாயும் கணவரும் உடன் நின்றார்கள். குடும்பம் என்றாலே முட்டுக்கட்டை என்று எழுதிப் பழகிய நாம் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் குடும்பம் சுமையில் தோள் கொடுத்தது. ஆனால் தோள் கொடுக்க ஆளில்லாதவள் என்ன செய்வாள்? அவளுக்கு விதிதான் துணை நிற்க வேண்டும்.

விதி ஒருகாலத்தில் நின்றது. கீழமை நீதிபதியாக மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று 1993இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஷெட்டி ஆணையத்தின் பரிந்துரையை ஏற்று 2002இல் அதைத் தளர்த்தியது. சட்டம் படித்து முடித்த கையோடு தேர்வெழுதலாம் என்றானது. ஸ்ரீபதி 23 வயதில் நீதிபதியாக முடிந்தது அந்தக் கதவு திறந்திருந்ததால்தான். 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டு அனுபவம் வேண்டும் என்று மீண்டும் தீர்ப்பளித்தது. அனுபவமில்லாத புதியவர்கள் நீதிமன்றத்தில் திணறுகிறார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம்.

அனுபவத்தின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கும் திருப்பத்தூரிலும், கிருஷ்ணகிரி, அரூர் நீதிமன்றங்களிலும் 1980களில் வழக்காடியவர் ஆர். பானுமதி. 1988இல் மாவட்ட நீதிபதியாகி, 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போனார். அவருக்கு இரண்டு வயதில் தந்தை விபத்தில் இறந்தார். இளம் விதவையான தாய் இழப்பீட்டுக்காக வழக்குப் போட்டும், நீதிமன்ற நடைமுறையின் சிக்கலால் அந்தப் பணம் கைக்கு வரவில்லை. ஓய்வு பெறும்போது அவரே இதைச் சொன்னார். சிறு நகர நீதிமன்றம் கற்றுத்தருவது எவ்வளவு என்பதற்கு அவரே சாட்சி.

ஆனால் அந்த மூன்று ஆண்டுகளை யார் கணக்கில் எழுதுவது? இளம் வழக்கறிஞருக்குச் சீனியர் தரும் தொகை பேருந்துக் கட்டணத்துக்கே போய்விடும். ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துப் பெண் நாள்தோறும் மலை இறங்கி ஏற வேண்டும், இல்லையென்றால் நகரத்தில் வாடகைக்கு அறை எடுக்க வேண்டும். வீட்டில் யாரும் வக்கீல் இல்லை, சேர்த்துக்கொள்ளும் சீனியரும் தெரிந்தவர் இல்லை. அந்த ஆண்டுகளில் பிள்ளை பிறந்தால் அவளுக்குப் பேறுகால விடுப்பும் கிடையாது. விடுப்பு வேலையில் இருப்பவருக்குத்தான். வேலை தேடுகிறவள், பயிற்சியில் இருப்பவள், தேர்வுக்குப் படிக்கிறவள், இவர்களுடைய பேறு எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அனுபவம் வேண்டும் என்றால் அதற்கு உதவித்தொகை வேண்டும். நீதிமன்ற வளாகத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். பேறுகாலத்தில் தவறிய தேர்வுக்கு மறு தேதி வேண்டும். இவற்றைச் செய்யாமல் ஸ்ரீபதியின் படத்தை வகுப்பறையில் மாட்டி, அவரைப் போல இருங்கள் என்று மாணவிகளுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்து வருகிறவள் பச்சை உடம்போடு மலை இறங்காமல் நீதிபதி ஆக வேண்டும். அதுதான் ஸ்ரீபதிக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை.