அசையாது என்று நான் சொன்ன எலும்பு

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து பொறுமையாகப் படியுங்கள். ஒரு வரலாறும் இருக்கிறது, ஒரு மன்னிப்பும் இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு நாள், விடிந்தும் விடியாமலும் மகளிடமிருந்து போன்.

"அப்பா, பாப்பாவோட முன்பல் ரெண்டும் விலகி நிக்குதுப்பா. போன வாரம் ஒட்டித்தான் இருந்துச்சு. இப்ப நடுவுல தீக்குச்சியே போகும்போல இருக்கு. நான்தான் சாவியைத் தப்பாத் திருப்பிட்டேனோன்னு பயமா இருக்கு."

பேத்திக்கு 11 வயது. மேல்தாடை குறுகல். பெட்டியைவிட மூடி சிறியதாக இருந்தால் எப்படியோ அப்படி, வாயை மூடும்போது மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் உட்காரும். அதைச் சரிசெய்யப் பல் டாக்டர் மேல்வாயில் ஒரு கருவி பொருத்தியிருந்தார். பற்களைப் பிடித்துக்கொள்ள வளையங்கள், நடுவில் ஒரு சின்ன ஸ்குரூ. காலையில் ஒரு முறை, இரவில் ஒரு முறை, கம்பிச் சாவியால் கால் திருப்பு திருப்ப வேண்டும். ஒரு திருப்புக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலும்.

மகள் பதறிப்போய் டாக்டரிடம் ஓடினாள். அவர் சிரித்தாராம். "அந்த இடைவெளிக்காகத்தான் காத்திருந்தேன். மேல்தாடை எலும்பு நடுவில் பிரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்" என்றாராம்.

மகளுக்கு நிம்மதி. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

காரணம் இதுதான். நான் 34 வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்தவன். மண்டையோட்டில் 22 எலும்புகள், அவற்றில் கீழ்த்தாடை மட்டுமே அசையக்கூடியது, மற்றவை அசையாதவை என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்டவன். ஒரு வருடம் ஒரு மாணவன் எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருந்த மண்டையோட்டு மாதிரியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "ஐயா, மேல்வாய்க்கு நடுவுல ஒரு கோடு போகுதே. அப்ப இது ரெண்டு எலும்பா? ரெண்டுன்னா பிரியாதா?"

"அதெல்லாம் ஒட்டிப்போன கோடு. பரீட்சைக்கு உள்ளதைப் படி" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அந்தக் கோட்டின் கதையை இந்த ஒரு மாதமாகத் தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க, என்னைப் போல "உட்கார்" என்று சொன்னவர்கள் அதில் நிறையப் பேர் இருந்ததைக் கண்டேன்.

கதை தொடங்குவது 1860இல், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில். தங்க வேட்டைக்காரர்களால் பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வீங்கிப் பெருத்த ஊர். கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் இணைக்கும் ரயில் பாதை முடிந்ததே 1869இல்தான். பெரிய பல் மருத்துவர்கள், கல்லூரிகள், பத்திரிகைகள் எல்லாம் கிழக்கே இருந்தன.

அந்த ஊரில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர். அவரிடம் பதினான்கரை வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். மேல்தாடையில் பற்கள் வரிசையாக நிற்க இடமில்லை. இடமில்லை என்றால் பல்லைப் பிடுங்குவதுதான் அன்றைக்கு எளிய வழி. ஏஞ்சல் வேறு வழியை யோசித்தார். இருபுற முன்கடைவாய்ப் பற்களுக்கும் குறுக்கே, மேல்வாயின் அகலத்துக்கு ஒரு திருகு வைத்தார். அதன் ஒரு முனையில் வலப்புரி மரை, மறுமுனையில் இடப்புரி மரை. நடுவில் திருப்பினால் இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் வெளியே தள்ளும். அந்தப் பெண்ணின் கையிலேயே சாவியைக் கொடுத்து, இறுக்கமாகவே வைத்துக்கொள் என்று அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் மேல்தாடை கால் அங்குலம், அதாவது ஆறு மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தது. கூடவே ஒன்று நடந்திருந்தது. யாரும் தொடாத நடு முன்பற்கள் இரண்டும் விலகி நின்றன.

ஏஞ்சல் யோசித்தார். திருகு தள்ளியது பக்கத்துப் பற்களை. முன்பற்களை எதுவும் தொடவில்லை. பிறகு அவை ஏன் விலக வேண்டும்? அவை நிற்கும் எலும்பே இரண்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போயிருந்தால்தான் இது நடக்கும். இதைத்தான் எழுதினார்.

அந்தக் கட்டுரை அதே வருடம் பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த 'டென்டல் காஸ்மாஸ்' இதழிலும் வெளியானது. இதழ்த் தரப்பின் சந்தேகமும் கூடவே வந்தது. வலது, இடது மேல்தாடை எலும்புகள் முகத்தின் மற்ற எலும்புகளோடு பிணைந்திருக்கும் விதத்தைப் பார்த்தால், இப்படிப் பிரிவது மிகவும் ஐயத்துக்குரியது என்பது அதன் சாரம்.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? மேல்தாடை எலும்பு மேலே நெற்றி எலும்போடும் மூக்கெலும்போடும், பக்கத்தில் கன்ன எலும்போடும், பின்னால் அண்ண எலும்போடும் பூட்டிக்கிடக்கிறது. உடற்கூறு படித்த யாரும் அதைத்தான் சொல்வார்கள். நான் சொன்னதும் அதுதானே.

ஏஞ்சலிடம் வேறு சாட்சி கிடையாது. ராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895இல். அதற்கு 35 வருடம் முன்பு, வாய்க்குள் எலும்பு பிரிந்ததை எதை வைத்துக் காட்டுவது? ஒரு சிறுமியின் முன்பல் இடைவெளி மட்டும்தான் அவர் கையில் இருந்தது.

யோசனை முழுக்கச் செத்துவிடவில்லை. 1893இல் கோடார்ட் என்பவர் ஒரு நாளைக்கு இரண்டு திருப்பு, மூன்று வாரம் என்று கணக்கு வைத்தார். அதன்பின் கருவியை அப்படியே விட்டுவிட்டு, பிரிந்த இடத்தில் புது எலும்பு நிரம்பக் காத்திருக்க வேண்டும் என்றார். என் மகள் கையில் இருந்த மருத்துவர் குறிப்பும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது! மேல்வாயின் கூரைதான் மூக்கின் தரை என்பதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூக்கு மருத்துவர்கள் சிலரும் இதில் ஆர்வம் காட்டினார்கள். ஆனால் அமெரிக்காவில் பல் சீரமைப்புத் துறையின் பெரிய ஆட்கள் பலர், பற்களை மெல்ல நகர்த்தினாலே எலும்பு தானாக வளர்ந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை என்று நம்பினார்கள். முறை அங்கே மங்கிப்போனது. ஐரோப்பாவில்தான் உயிரோடு இருந்தது.

1950களில் ஜெர்மனியின் பான் நகரப் பேராசிரியர் கொர்க்காஸ் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தபோது, தான் சிகிச்சை செய்தவர்களின் பதிவுகளைக் காட்டினார். அதிலிருந்து அங்கே மறுபடி ஆர்வம் பிறந்தது. ஆண்ட்ரூ ஹாஸ் என்ற இளம் மருத்துவர் முதலில் பன்றிகளிடம் சோதித்தார். பிறகு மனிதர்களிடம் செய்தார். 1961இல் எக்ஸ்ரே படங்களோடு கட்டுரை வெளியிட்டார். நடுக்கோடு பிரிந்திருப்பது படத்தில் தெரிந்தது. ஏஞ்சல் எழுதி 101 வருடம் கழித்து.

எலும்பு எப்படிப் பிரிகிறது என்பதும் மெல்ல மெல்லத் தெளிவானது. கீழிருந்து பார்த்தால் விசிறிபோல விரிகிறது: முன்பல் பக்கம் அதிகம், தொண்டைப் பக்கம் குறைவு. முன்னாலிருந்து பார்த்தால் கோபுரம்போல: பல் வரிசையில் அகலம், மூக்கை நோக்கி மேலே போகப் போகக் குறுகல். மூக்கின் தரையும் சற்று விரிகிறது. மேல்தாடை கொஞ்சம் கீழேயும் பலரிடம் சற்று முன்னேயும் வருகிறது. அதனால் கீழ்த்தாடை கீழ்நோக்கிப் பின்னால் சுழல்கிறது. கிடைக்கும் அகலம் அத்தனையும் எலும்பிலிருந்து வருவதில்லை. பற்கள் வெளியே சாய்வதும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு பின்னால் திரும்பிவிடும் என்பதால், வேண்டியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே விரிக்கிறார்கள். பிறகு சில மாதம் கருவியை எடுக்காமல் வைத்திருப்பது, புது எலும்பு நிரம்பிக் கெட்டிப்படுவதற்காக.

முன்பல் இடைவெளி? ஈறுக்குள் பல்லையும் பல்லையும் இணைக்கும் நார்கள் உண்டு. இழுத்துக் கட்டிய ரப்பர்போல அவை பற்களைத் திரும்ப இழுத்துக்கொள்கின்றன.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

1964இல் ஐசக்ஸன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இந்தக் கருவி எவ்வளவு விசை தருகிறது என்று அளந்தார்கள். ஒரே ஒரு திருப்பில் 3 முதல் 10 பவுண்டு வரை. திருப்பத் திருப்ப விசை சேர்ந்து, சிலரிடம் 20 பவுண்டையும் தாண்டியது. அதாவது 9 கிலோவுக்கு மேல். இவ்வளவு விசையை எதிர்த்து நிற்பது எது? நடுக்கோடு மட்டுமில்லை, சுற்றியுள்ள மற்ற எலும்புகளோடு மேல்தாடை பிணைந்திருக்கும் இடங்கள்தான் பெரிய தடை என்று தெரிந்தது.

கவனியுங்கள். 1860இல் சந்தேகப்பட்டவர்கள் சொன்ன காரணமும் இதுதான்! அவர்கள் சொன்ன தடை உண்மையாகவே அங்கே இருந்தது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். வயது. அந்தப் பெண்ணுக்குப் பதினான்கரை.

சிறு வயதில் நடுக்கோடு ஏறக்குறைய நேராக இருக்கிறது. வளர வளர வளைந்து நெளிந்து, விரலுக்குள் விரல் கோத்ததுபோலப் பின்னிக்கொள்கிறது. பிறகு அங்கங்கே எலும்புப் பாலங்கள் விழுகின்றன. எந்த வயதில்? 1977இல் பெர்சன், திலாண்டர் என்ற இரு ஆய்வாளர்கள் இறந்தவர்களின் அண்ணங்களை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 15 வயதுப் பெண் ஒருத்திக்கு ஒட்டத் தொடங்கியிருந்தது. 27 வயதுப் பெண் ஒருத்திக்கு இன்னும் ஒட்டவே இல்லை. ஆளுக்கு ஆள் அவ்வளவு வித்தியாசம்.

ஆகவே "அசையாது" என்பது முழுப் பொய்யும் இல்லை. 40 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் பொருந்தும். என் எதிரே உட்கார்ந்திருந்தவர்களோ 13, 14 வயதுப் பிள்ளைகள்! பெரியவர்களின் மண்டையோட்டைப் பார்த்து எழுதிய வரியை, அது பொருந்தாத பிள்ளைகளிடமே 34 வருடம் ஒப்பித்திருக்கிறேன்.

பெற்றோர்களுக்கு இரண்டு வார்த்தை. மேல் கடைவாய்ப்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே கடிப்பதைக் கண்டால், "எல்லாப் பல்லும் விழுந்து முளைக்கட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். சின்ன வயதில் ஒரு சாவியோடு முடிகிற காரியம் இது. வளர்ந்த பிறகு எலும்பிலேயே சிறு திருகாணிகளைப் பதித்து விரிக்கவோ, அறுவை செய்து எலும்பைத் தளர்த்திவிட்டு விரிக்கவோ நேரலாம்.

இன்னொன்று. தாடையை விரித்தால் மூச்சுத்திணறல் பின்னாளில் வராமலே தடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே நம்பாதீர்கள். சில பிள்ளைகளுக்கு மூக்கு வழி மூச்சு எளிதாவது உண்மை. ஆனால் தூக்கத்தில் மூச்சடைப்பு வராமல் தடுப்பதற்கென்றே இதைச் செய்ய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமே 2019இல் சொல்லியிருக்கிறது. ஏஞ்சல் கண்ணால் கண்டதற்கு மேல் ஒரு படி சேர்த்துச் சொல்லவில்லை. நமக்கும் அது போதும்.

நேற்று பேத்தி வீடியோ காலில் வந்தாள். "தாத்தா, பாருங்க, சந்து சின்னதாயிடுச்சு" என்று பல்லைக் காட்டினாள். திருப்புவதை நிறுத்திச் சில வாரங்கள்தான் ஆகின்றன. அவள் மேல்வாயின் நடுவில் இப்போது புது எலும்பு நிரம்பிக்கொண்டிருக்கும்.

மண்டையோட்டைத் தலைகீழாகப் பிடித்துக் கேட்ட அந்த மாணவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். எந்த ஊரில் இருக்கிறானோ தெரியாது. அன்றைக்குப் பிறகு என் வகுப்பில் அவன் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. என் பழைய மாணவர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். அவன் யாரென்று தெரிந்தால் இதை அவனுக்கு அனுப்புங்கள்.

தம்பி, அது இரண்டு எலும்புதான். உன் வயதில் பிரியும். நீ சரியாகத்தான் கேட்டாய். நான்தான் பார்க்காமல் பதில் சொன்னேன். மன்னித்துக்கொள்.