ஓயாத மியாவ்: அளவா, மாற்றமா?

வீட்டுப் பூனை ஓயாமல் கத்துகிறது என்ற முறையீட்டுக்கு நம்மிடம் இரண்டு விடைகள் தயாராக உள்ளன. செல்லம் கொடுத்துக் கெட்டுவிட்டது, கண்டுகொள்ளாதீர்கள் என்பது ஒன்று. உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது, மருத்துவரிடம் கொண்டுபோங்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே கத்தலின் அளவிலிருந்துதான் தொடங்குகின்றன. அளவு எதையும் நிறுவாது. அந்தப் பூனையின் குரல் எப்போது, எந்தச் சூழலில் மாறியது என்பதுதான் சான்றாக நிற்கும்.

முதலில் குரல் யாரை நோக்கியது என்று பார்க்க வேண்டும். வளர்ந்த பூனைகள் தமக்குள் மியாவ் என்று சொல்லிக்கொள்வது அரிது. சண்டைக்குச் சீறலும் உறுமலும் இருக்கின்றன. இணை தேடும்போது நீண்ட ஓலம் இருக்கிறது. மியாவ் என்பது குட்டி தன் தாயை அழைக்கும் குரல். மனிதரை அண்டாமல் வளரும் பூனையிடம் வளர வளர அது பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. மனிதரோடு வாழும் பூனையிடம் ஆயுள் முழுதும் தங்கிவிடுகிறது. 1944இல் மில்ட்ரெட் மோல்க் வீட்டுப் பூனையின் ஒலிகளை 16 வகைகளாகப் பிரித்து, வாயின் நிலையை வைத்து மூன்று தொகுதிகளில் அடக்கினார். வாயை மூடியபடி எழுவன, திறந்த வாய் மெல்ல மூடும்போது எழுவன, வாயைத் திறந்தே விறைத்து வைத்து எழுப்புவன. மியாவ் நடுத் தொகுதியைச் சேர்ந்தது. வாய் திறந்து மூடும் அந்த இடைவெளியில் குரலை நீட்டலாம், ஏற்றலாம், சட்டென்று வெட்டலாம். வளைந்து கொடுக்கும் இந்த இயல்புதான் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

கார்னெல் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் நிக்காஸ்ட்ரோ 2004இல் வீட்டுப் பூனையின் குரலை அதன் மூதாதை இனமான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் குரலோடு ஒப்பிட்டார். வீட்டுப் பூனையின் குரல் குறுகியது, சுருதி உயர்ந்தது. கேட்டவர்களுக்கு இனிமையாகவும் பட்டது. மனிதக் காதுக்கு ஏற்ப அந்தக் குரல் பதப்பட்டிருக்கிறது என்று இதிலிருந்து ஊகிக்கலாம். ஆனால் இனிமை வேறு, பொருள் வேறு. அதற்கு ஓராண்டு முன்பு அவரும் மைக்கேல் ஓவ்ரனும் நடத்திய சோதனையில், ஐந்து வெவ்வேறு சூழல்களில் பதிவான மியாவ்களைக் கேட்டு எது எந்தச் சூழலுக்குரியது என்று மக்கள் சொல்ல வேண்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் ஐந்தில் ஒன்று சரியாகிவிடும். கேட்டவர்கள் அதைவிடச் சற்றே மேலாகத்தான் சொன்னார்கள். பூனையோடு பழகியவர்கள் கொஞ்சம் தேறினார்கள், அவ்வளவே.

இதை மனிதக் காதின் குறை என்று நான் கொள்ளவில்லை. பூனைகள் எல்லாவற்றுக்கும் பொதுவான மியாவ் அகராதி என்று ஒன்று இல்லை என்பதே இதன் பொருள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பூனையும் ஒரு மனிதரும் சேர்ந்து தமக்கென்று ஒரு குறியீட்டை உண்டாக்கிக்கொள்கிறார்கள். மியாவை மொழிபெயர்த்துத் தருவதாகச் சொல்லும் கைபேசிச் செயலிகளை விளையாட்டாக மட்டும் கொள்வது நல்லது.

அந்தக் குறியீடு உருவாகும் விதத்தை விடியற்காலையில் கூர்ந்து பார்க்கலாம். பூனை வைகறையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பாகும் பிராணி. ஐந்து மணிக்குப் படுக்கையறைக் கதவுக்கு வெளியே ஒரு சிறு மியாவ். பதில் இல்லை. பிறகு கொஞ்சம் நீளமாக இன்னொன்று. கதவின் அடியில் ஒரு பிறாண்டல். அதன்பின் இழுத்து, முடிவில் ஏறும் ஒரு குரல். உள்ளே இருப்பவர் சலித்துக்கொண்டு எழுந்து கிண்ணத்தில் தீனியைப் போடுகிறார். முதல் குரலுக்குக் கூலி இல்லை, இழுத்த குரலுக்கே கூலி உண்டு என்று பூனை கற்றுக்கொள்கிறது. நாலு நாள் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு ஐந்தாம் நாள் எழுந்தால் நிலைமை இன்னும் மோசம். எப்போதாவது கிடைக்கும் பலன் ஒரு நடத்தையை எவ்வளவு ஆழமாக ஊன்றிவிடும் என்பதை உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் தங்கள் 1957ஆம் ஆண்டு நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார்கள். அவர்களின் சான்றுகள் பெரும்பாலும் புறாக்களிடமிருந்து வந்தவை. பூனைக்கு விதி வேறில்லை.

இதற்கு எதிராக 2009இல் கேரன் மெக்கோம்ப் குழு வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். தீனி கேட்கும் பூனையின் குர்குர் ஒலிக்குள் சுமார் 380 ஹெர்ட்ஸ் அளவில் ஓர் அழுகுரல் ஒளிந்திருக்கிறது என்றும், அது 300 முதல் 600 ஹெர்ட்ஸ் வரையிலான மனிதக் குழந்தையின் அழுகையை ஒத்தது என்றும் அவர்கள் கண்டார்கள். பூனை வளர்த்தறியாதவர்களுக்கும் அதில் ஓர் அவசரம் கேட்டது. அப்படியானால் பொருள் குரலிலேயே பிறந்திருக்கிறதே என்று கேட்கலாம். அவசரம் பொதுவானது என்பதை மறுக்க வேண்டியதில்லை. எதற்கான அவசரம் என்பதைக் குரல் சொல்வதில்லை. தவிர, ஒருவரோடு மட்டும் நெருங்கி வாழும் பூனைகளிடம்தான் இந்த ஒலி அதிகம் தலைதூக்குகிறது என்பதையும் மெக்கோம்ப் குறிப்பிட்டிருக்கிறார். அது கற்றல் என்ற தரப்புக்கே வலுச் சேர்க்கிறது.

இனி நோய். பசியையும் நோவையும் பூனை பெரும்பாலும் ஒரே வாயால்தான் சொல்கிறது. பத்து வயது தாண்டிய பூனை நிறையத் தின்றும் இளைத்து, இரவில் அலறத் தொடங்கினால் தைராய்டு மிகைச் சுரப்பை முதலில் ஐயுற வேண்டும். ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு இயக்குநீரின் அளவைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ரத்தக் கொதிப்பும் அதோடு சேர்ந்து வரலாம். சில பூனைகளுக்கு விழித்திரை விலகித் திடீரென்று பார்வை போவதும் உண்டு. காது மந்தமான பூனை தன் குரலின் உயரம் அறியாமல் கத்தும். முதுமை மறதி வேறு இருக்கிறது. 11 முதல் 14 வயதுப் பூனைகளில் சுமார் 28 விழுக்காட்டிலும், 15 வயதைத் தாண்டியவற்றில் ஏறத்தாழ பாதியிலும் அதன் அறிகுறி ஒன்றாவது தென்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. நள்ளிரவில் கூடத்தின் நடுவே நின்று சுவரைப் பார்த்துக் கத்தும் கிழட்டுப் பூனையைத் திட்டிப் பயனில்லை. கருத்தடை செய்யாத பெண் பூனையின் ஓலம் நோயும் அல்ல, கெட்ட பழக்கமும் அல்ல. பகல் நீண்டிருந்தால் பருவம் மீண்டும் மீண்டும் வரும். பூமத்திய ரேகையை ஒட்டிய நம் போன்ற நாடுகளில் அது ஏறக்குறைய ஆண்டு முழுதும் நீடிக்கக்கூடும்.

நம் ஊர்களில் பூனை நேற்றுவரை கூரைக்கும் அடுப்படிக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அதன் கத்தலை யாரும் எண்ணவில்லை. இன்று பலகணியில் வலை அடித்த அடுக்ககத்துக்குள், நாள் முழுதும் ஆளில்லாத வீட்டில் அதே குரல் அதிகம் என்று பெயர் வாங்குகிறது. அந்த அதிகத்தில் பாதி கட்டடத்தின் கணக்கு.

எனவே கண்டுகொள்ளாதீர்கள் என்ற அறிவுரை நோய் இல்லை என்று தெரிந்த பிறகே செல்லும். அப்போதும் கத்தல் முதலில் கூடித்தான் பிறகு குறையும். வீட்டார் எல்லாரும் ஒரே உறுதியில் நின்றால்தான் பலிக்கும். காலைத் தீனியை நேரம் வைத்துத் திறக்கும் கிண்ணத்திடம் விட்டுவிடுவது இதைவிட எளிது. மருத்துவரிடம் போகிறவர்கள் எத்தனை முறை கத்தியது என்பதை விட்டுவிட்டு எப்போது தொடங்கியது, எங்கே நின்று கத்துகிறது, தீனி, எடை, தண்ணீர், சிறுநீர் ஆகியவற்றில் என்ன மாறியது என்று எழுதிக்கொண்டு போகட்டும். ஒரு நிலையில் மட்டும் எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. ஆண் பூனை மணல் தட்டில் முக்கி முக்கிக் கத்தியும் சிறுநீர் வராவிட்டால் அது மூத்திர அடைப்பு. அன்றைக்கே மருத்துவரிடம் சேர்க்காவிட்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.