நார்ஃபோக் வயலிலிருந்து சமையலறை அண்டாவுக்கு

இங்கிலாந்தின் கிழக்கே, நார்ஃபோக் வயல்களில் மாரிஸ் ஆட்டர் என்ற பியர் பார்லியை இலையுதிர் காலத்தில் விதைக்கிறார்கள். குளிரைத் தாங்கி நின்று, கோடையில் அறுவடைக்கு வருகிறது. கேம்பிரிட்ஜை ஒட்டிய ட்ரம்பிங்டனில் ஜி.டி.எச். பெல் தலைமையிலான குழு 1960களில் உருவாக்கிய ரகம் இது. 1970களில் கொடிகட்டிப் பறந்தது. கூடுதல் விளைச்சல் தரும் புது ரகங்கள் வந்ததும் பெரிய பியர் ஆலைகள் இதைக் கைவிட்டன. விதையே கலப்படமாகி அழியவிருந்த நேரத்தில் இரண்டு தானிய வணிக நிறுவனங்கள் அதைக் காப்பாற்றி, 2002இல் உரிமையையும் வாங்கின. வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் இன்றும் அதைத் தேடி வாங்க முடிவது அந்தப் பிடிவாதத்தால்தான்.

அறுவடையான மணி நேராக அண்டாவுக்குப் போவதில்லை. மால்ட் கூடத்தில் இரண்டு நாள் போல விட்டுவிட்டு ஊறவைத்து, நீரை வடித்து, பழைய முறைக் கூடங்களில் தரையில் பரப்புகிறார்கள். அடியில் வெள்ளை வேர்கள் எட்டிப் பார்க்கும். உமிக்குள்ளே முளை மெல்ல நீளும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமலும் சூடு தங்காமலும் இருக்க அடிக்கடி கிளறிவிட வேண்டும். ஐந்து நாள் போனால் மணிக்குள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் தயார். அந்தக் கட்டத்தில் சூளையில் உலர்த்தி முளையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் மால்ட். நொதிகள் சாவதில்லை, காத்திருக்கின்றன. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி கெட்டியாகாமல் இளகி வருவதும் இந்த நொதிகளின் வேலைதான்.

இங்கே பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மால்ட் தொழிற்சாலைக்குப் போகிறது. அங்கேயே வெந்நீரில் ஊறி, சர்க்கரையாகி, நீர் வற்றிப் பாகாகவோ பொடியாகவோ டப்பாவில் அடைபடுகிறது. அதுதான் எக்ஸ்ட்ராக்ட். இன்னொரு பங்கு உடைத்த தானியமாகவே வீட்டுக்கு வருகிறது. புதியவர்களிடம், ‘முதலில் எக்ஸ்ட்ராக்ட், பிறகு தானியம்’ என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ்ட்ராக்ட் சில மணி நேரத்தை மிச்சப்படுத்தும், உண்மைதான். ஆனால் பியரின் கனத்தையும் இனிப்பையும் தீர்மானிக்கும் வேலையை வேறொருவர் முடித்து அனுப்பியிருக்கிறார். பாகு பழசானால் நிறமும் கருக்கும்.

தானியத்தைக் கண்டு பயப்பட இன்று காரணமும் இல்லை. ஆஸ்திரேலியாவில் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பரப்பிய துணிப்பை முறைக்கு ஒரே ஒரு பெரிய அண்டா போதும். பத்து லிட்டர் பியருக்குச் சுமார் 2.2 கிலோ மால்ட். 15 லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, பையிலிட்ட தானியத்தை இறக்கிக் கட்டியில்லாமல் கிளறினால் சூடு 67 டிகிரிக்கு வந்து நிற்கும். மூடி, போர்வை சுற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தொடக்கத்தில் ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தால் சப்பென்று மாவுத் தண்ணீர்; அரை மணி கழித்துச் சுவைத்தால் தெளிந்த தித்திப்பு. ஒரு சொட்டு ஆறவைத்து அயோடின் விட்டால், முன்பு கருநீலமானது இப்போது நிறம் மாறாது. மாவுச்சத்து தீர்ந்துவிட்டது என்று பொருள். 64 டிகிரியில் வைத்தால் மெலிந்த, வறட்டுப் பியர். 69இல் வைத்தால் கனமானது. எக்ஸ்ட்ராக்ட் டப்பாவில் இந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை.

பையைத் தூக்கி வடித்தபின் இரு வழிக்கும் வேலை ஒன்றே: ஒரு மணி நேரக் கொதி, கசப்புக்கு ஹாப்ஸ் பூக்கள், 20 டிகிரிக்கு ஆறவைத்தல், ஈஸ்ட், இரண்டு வாரப் பொறுமை. சக்கை கோழிக்கும் உரக்குழிக்கும் போகும்.

ஆனால் காய்ச்சுமுன் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பிரிட்டனில் வீட்டில் காய்ச்ச உரிமம் தேவை என்ற விதியை 1963இல் நிதியமைச்சர் ரெஜினால்ட் மாட்லிங் நீக்கினார். அமெரிக்காவில் 1978இல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் வழிவிட்டது. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம்.

சட்டம் இடம்தரும் ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பளபளக்கும் சாதனங்களை வாங்காதீர்கள். நல்ல வெப்பமானி ஒன்று வாங்குங்கள், சிறிய அளவில் காய்ச்சுங்கள், முதல் முறையே தானியத்திலிருந்து தொடங்குங்கள்.