மறுப்பு எழாத முடிவு

1990 ஒக்டோபரில் முல்லைத்தீவு மாவட்டத்தின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முஸ்லிம்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 பேர். கட்டளையிட்டது விடுதலைப் புலிகள் இயக்கம். அயல் தமிழர் பலர் அழுதபடியே வழியனுப்பினார்கள்.

இத்தனை பெரிய முடிவுக்கு இயக்கத்தினுள்ளிருந்து ஒரு மறுப்புக்கூட ஏன் வெளியே கேட்கவில்லை? இதுவே என்னை நெடுநாள் உறுத்திய கேள்வி. ஒற்றுமை குலையக்கூடாதென்று ஒவ்வொருவரும் தம் ஐயத்தை விழுங்கிக்கொள்ளும் நிலையைக் ‘குழுச்சிந்தனை’ என 1972இல் விளக்கினார் அமெரிக்க உளவியலாளர் ஏர்விங் ஜானிஸ். வடபுலத்தில் அதனோடு அச்சமும் சேர்ந்திருந்தது. இயக்கங்களை விமர்சித்த மருத்துவ விரிவுரையாளர் ராஜினி திராணகம 1989 செப்டம்பர் 21இல் யாழ்ப்பாணத்தில் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார். மாற்றுக்கருத்தின் விலை எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

2002 ஏப்ரல் 10ஆம் திகதி கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில், வெளியேற்றம் நியாயப்படுத்த முடியாத அரசியல் தவறு என்றார் அன்ரன் பாலசிங்கம். 1990இல் ஒருவர் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. வந்துசேரப் பதினொன்றரை ஆண்டுகள் சென்றன. அதற்குள் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

இது பிறரைச் சுட்டுவதற்கு மட்டுமான பாடமன்று. நமது பள்ளிவாசல் நிர்வாகக் கூட்டத்திலும் ‘ஏகமனதாக’ என்று எழுதுமுன், மௌனமாக இருப்பவரிடம் ஒருமுறை கேட்போம்.