சென்னையில் பழைய கார் விற்பனையும் சர்வீஸ் பதிவேடும்

பயன்படுத்திய கார் ஒன்று கைமாறும்போது இரண்டு வகை ஆவணங்கள் அதனுடன் செல்ல வேண்டும். ஒன்று, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் வழங்கும் ஆர்.சி. எனும் பதிவுச் சான்று. மற்றொன்று, அந்தக் காருக்கு எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டர் ஓடிய நிலையில், எந்தப் பட்டறையில் என்ன வேலை பார்க்கப்பட்டது என்று கூறும் சர்வீஸ் பதிவேடு. முதலாவதைச் சட்டம் கேட்கிறது. இரண்டாவதை வாங்குபவர் கேட்டால்தான் உண்டு. ஆனால் காரின் உடல்நிலை பற்றி ஆர்.சி. ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. உரிமையாளர் பெயர், எஞ்சின் எண், சேசிஸ் எண், கடன் இருந்தால் வங்கியின் பெயர் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. இந்த இடைவெளி எவ்வளவு பெரியது என்பதை 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பழைய கார் வாங்கியவர்கள் நன்றாக உணர்ந்தனர்.

நோட்டுப் புத்தகக் காலம்

1980-களின் தொடக்கம் வரை இந்தியச் சாலைகளில் ஓடிய கார்கள் பெரும்பாலும் மூன்று இடங்களில் தயாரானவை. கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவிலிருந்து அம்பாசடரும், பம்பாயிலிருந்து ஃபியட்டும் வந்தன. சென்னையை அடுத்த வண்டலூர் அருகே இருந்த தொழிற்சாலையில் 1961 முதல் ஸ்டாண்டர்டு ஹெரால்டு தயாரானது. புதிய காருக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்ததால், பழைய காருக்கு நல்ல கிராக்கி இருந்தது. அக்காலத்தில் பதிவேடு என்று தனியாக எதுவும் இல்லை. கவனமான உரிமையாளர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஆயில் மாற்றிய தேதியையும் டயர் வாங்கிய விலையையும் எழுதி வைத்தனர். மற்றவர்களுக்கு மெக்கானிக்கின் ஞாபகமே பதிவேடு. நாளிதழ் வரி விளம்பரங்களில் ‘டாக்டர் ஓட்டிய கார்’, ‘ஒரே உரிமையாளர்’ என்று குறிப்பிடுவதும் வழக்கமாக இருந்தது. காரைப் பற்றிச் சான்று இல்லாதபோது அதை வைத்திருந்தவரைப் பற்றிய சான்றையாவது தர முயன்ற வழி அது.

அக்கால ஓடோமீட்டர்களில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999 கடந்ததும் எண் சுழியத்துக்குத் திரும்பிவிடும். ஆகவே 30,000 என்று காட்டும் கார் உண்மையில் 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கலாம். யாரும் திருத்தாமலே மீட்டர் பொய் சொன்ன காலம் என்று இதைக் கூறலாம்.

1983 டிசம்பர் 14 அன்று மாருதி 800 விற்பனைக்கு வந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. இலவச சர்வீஸ் கூப்பன்கள் கொண்ட கையேடு காருடன் வந்தது. உத்தரவாதம் செல்லுபடியாக வேண்டுமானால் குறித்த காலத்தில் சர்வீஸ் செய்து முத்திரை பெற வேண்டும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு கார்களும் வெளிவந்தன. முத்திரைக் கையேட்டின் இடத்தைக் கணினிப் பதிவு மெல்லப் பிடித்துக்கொண்டது. இன்று நிறுவன அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் மையங்களில் சேசிஸ் எண்ணைக் கொண்டு ஒரு காரின் முழு வரலாற்றையும் பார்க்க முடிகிறது. உரிமையாளரை உடன் அழைத்துச் சென்று கேட்பதே முறை.

ஈக்காட்டுத்தாங்கலும் 2015 வெள்ளமும்

ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டைக்கும் கிண்டித் தொழிற்பேட்டைக்கும் இடையில் அடையாற்றங்கரையில் உள்ள பகுதி. தாங்கல் என்றால் நீர் தேங்கும் சிறிய ஏரி. வேடந்தாங்கல், பழவந்தாங்கல் என்னும் பெயர்களிலும் இச்சொல் உள்ளது. 1958-இல் கிண்டித் தொழிற்பேட்டை அமைந்த பின் சிறு தொழிற்கூடங்களும் பட்டறைகளும் பெருகி, ஏரி பெயரில் மட்டும் மிஞ்சியது.

2015 டிசம்பர் 1 அன்று பெய்த பெருமழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. பதிவானது. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. அடையாறு கரை மீறி ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் ஆகிய பகுதிகளில் புகுந்தது. உயிரையும் வீட்டையும் காப்பதே பெரும்பாடாக இருந்த அந்த இரவில் தெருவிலும் அடித்தளத்திலும் நின்ற கார்களை யார் நினைப்பார்கள்? நீர் வடிந்தபோது சேறு அப்பிய கார்கள் வரிசையாக நின்றன.

அடுத்து நடந்ததில்தான் பலருக்குப் பெருநட்டம். பதற்றத்தில் சாவியைத் திருகிப் பார்த்தவர்களின் எஞ்சின்கள் உடைந்தன. காற்று உறிஞ்சும் குழாய் வழியே சிலிண்டருக்குள் புகுந்த நீரைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. விளைவாக, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இப்படிக் கிளப்பிக் கெட்ட எஞ்சினுக்கு, அதற்கெனத் தனியாகக் கூடுதல் காப்பீடு எடுத்திராதவர்களுக்கு இழப்பீடு கிடைப்பது கடினம்.

சீர்செய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் கார் முழு இழப்பாகக் கருதப்படும். அத்தகைய கார்கள் கழிவு மதிப்பில் கைமாறும். இனி ஓட்டவே முடியாத வாகனம் என்றால் அதை 14 நாள்களுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்யவேண்டும் என்று 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு கூறுகிறது. ஆனால் சீர்செய்து மீண்டும் ஓட்டக்கூடிய காருக்கு இது பொருந்தாது. அந்தக் காரின் ஆர்.சி. அப்படியே செல்லும். வெள்ளத்தில் மூழ்கியது என்ற குறிப்பு அதில் ஏறுவதில்லை. கழுவி, மெருகேற்றி, புதிய சீட் உறை மாட்டி நிறுத்தினால், வாயிலில் நின்று பார்க்கும் குடும்பத்துக்கு எதுவும் தெரியாது. மின்கம்பி இணைப்புகளில் பச்சை பூத்து விளக்கும் சென்சாரும் ஒவ்வொன்றாகக் கெடுவதற்குச் சில மாதங்கள் ஆகும். காற்றுப்பைக் கட்டுப்பாட்டுக் கருவி கெட்டிருந்தால் விபத்து நேரும்வரை கூடத் தெரியாமல் போகலாம். இது பணம் பற்றிய கவலை மட்டும் அன்று.

பதிவேட்டை வாசித்தல்

சென்னைக் காரின் பதிவேட்டில் 2015 டிசம்பர் முதல் 2016 மார்ச் வரையிலான பக்கம் முக்கியமானது. அக்காலத்தில் ஒயரிங், எஞ்சின் கட்டுப்பாட்டுக் கருவி, ஸ்டார்ட்டர் மோட்டார், தரைவிரிப்பு ஆகியவை ஒரே பில்லில் மாற்றப்பட்டிருந்தால் காரணம் எளிதில் விளங்கும். அந்த மாதங்களில் மட்டும் எந்தப் பதிவும் இல்லையென்றால் அதையும் கேட்க வேண்டும். மிக்ஜாம் புயல் மழை பெய்த 2023 டிசம்பருக்கும் இதே கணக்கு.

காப்பீட்டுத் தாள்களும் துணை செய்யும். இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான போனஸ் 20 சதவீதத்தில் தொடங்கி ஐந்து ஆண்டுகளில் 50 சதவீதத்தை எட்டும். ஒருமுறை இழப்பீடு பெற்றால் அது சுழியமாகும். தொடர்ந்து போனஸ் பெற்றுவந்தவரின் 2016 பாலிசியில் அது இல்லையென்றால், முந்தைய ஆண்டில் ஏதோ பெரிய வேலை நடந்திருக்கிறது.

கிலோமீட்டர் எண்ணையும் பதிவேடே காட்டிக்கொடுக்கும். இன்றைய மின்னணு மீட்டரைக் கருவி கொண்டு குறைப்பது சிரமமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சர்வீஸ் மையத்தில் 82,000 என்று பதிவான கார் இன்று 56,000 காட்ட முடியாது.

முத்திரை வைத்த கையேடு ஒன்றையே வேதவாக்காகக் கொள்வதும் சரியன்று. முத்திரையைப் போலியாகச் செய்யலாம். மாறாக, தெருமுனைப் பட்டறையில் முறையாகப் பராமரித்து, கசங்கிய பில்களைக் கோப்பில் சேர்த்து வைத்தவரின் கார் நம்பத்தக்கதாக இருக்கும். வெள்ளத்தில் மூழ்கியதை மறைக்காமல் சொல்லி, சீர்செய்த பில்லைக் காட்டி, அதற்கேற்ற விலையில் விற்பவரைக் குறை கூற இயலாது.

சட்டம் எவ்வளவு தூரம்

அமெரிக்கா 1972-இலேயே ஓடோமீட்டர் மோசடிக்குத் தனிச் சட்டம் இயற்றியது. பெல்ஜியத்தில் 2006 டிசம்பர் முதல், பழைய காரை விற்பவர் கார்-பாஸ் என்ற சான்றைத் தரவேண்டும். பட்டறைக்குக் கார் வரும்போதெல்லாம் பதிவான கிலோமீட்டர் எண்கள் அதில் தேதிவாரியாக இருக்கும். இந்தியாவில் 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெறவேண்டும். தம்மிடம் உள்ள வாகனம் எதற்காக, யாரால், எவ்வளவு தூரம் ஓட்டப்பட்டது என்ற மின்னணுப் பதிவேட்டையும் வைத்திருக்க வேண்டும். நல்ல தொடக்கம்தான். எனினும் அந்தப் பதிவேடு வாகனம் விற்பனையாளரிடம் வந்த நாளிலிருந்தே தொடங்குகிறது; அதற்கு முந்தைய வாழ்க்கை அதில் இல்லை.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினர். 2015-இல் மூழ்கிய கார்களில் சீர்செய்யப்பட்டவை இன்னும் சாலையில் இருக்கக்கூடும். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். 2015 நவம்பரில் பதிவான காரின் ஆர்.சி. 2030 நவம்பர் வரை செல்லுபடியாகும்.