ஊர் திரும்பிய துப்பாக்கி

1915-ல் ரஷ்யப் பேரரசிடம் ஆள் இருந்தது, துப்பாக்கி இல்லை. முன்னால் நிற்பவன் விழுந்தால் அவன் கையில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம் என்று வெறுங்கையோடு பதுங்குகுழியில் காத்திருந்த படைப்பிரிவுகள் உண்டு. தூலா, இஷெவ்ஸ்க், செஸ்த்ரோரெத்ஸ்க் ஆகிய மூன்று அரசு ஆலைகளும் ஓய்வில்லாமல் ஓடியும் போதவில்லை. சாரின் கொள்முதல் அதிகாரிகள் அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கா போனார்கள். ரெமிங்டனிடம் 15 லட்சம், வெஸ்டிங்ஹவுஸிடம் 18 லட்சம் என்று ஆர்டர் கொடுத்தார்கள். வெஸ்டிங்ஹவுஸ் அதுவரை மின் இயந்திரங்களுக்குப் பேர்போன நிறுவனம். இந்த ஆர்டருக்காகவே ‘நியூ இங்கிலாந்து வெஸ்டிங்ஹவுஸ்’ என்று தனி நிறுவனம் தொடங்கி, மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிக்கபீ ஃபால்ஸ் என்ற ஊரில் இருந்த ஸ்டீவன்ஸ் துப்பாக்கி ஆலையை வாங்கியது.

அங்கே செய்யப்பட்டது ரஷ்யர்களின் 1891 மாதிரி ‘மூன்று கோட்டு’ துப்பாக்கி. ஒரு கோடு என்பது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று கோடு என்றால் 7.62 மில்லிமீட்டர். வடிவமைத்தவர்களில் பெரிய பங்கு செர்கேய் மோசின் என்ற ரஷ்ய அதிகாரிக்கும், சிறிய பங்கு பெல்ஜியத்தின் லியோன் நாகானுக்கும் சேரும். உலகம் இரண்டு பெயரையும் சேர்த்து மோசின்-நாகான் என்கிறது. பயனெட் இல்லாமலே 130 சென்டிமீட்டர் நீளம். நம் ஊர்க் காவலர்களின் தோளில் தொங்கிய 303 துப்பாக்கி இதைவிட ஒரு சாணளவு குட்டை. குறிபார்க்கும் பட்டையில் மீட்டரும் இல்லை, கஜமும் இல்லை. 71 சென்டிமீட்டர் கொண்ட ‘ஆர்ஷின்’ என்ற ரஷ்ய அளவு. ஆக, பேரலில் ஆங்கிலத்தில் ஆலைப் பெயர், பட்டையில் ரஷ்ய அளவு என்று பிறக்கும்போதே இரண்டு நாட்டுக்காரனாகப் பிறந்தது இது.

ஆலையில் உட்கார்ந்திருந்த ரஷ்யப் பரிசோதகர்கள் கறாரானவர்கள். அமெரிக்க மேலாளர்கள் சலித்துக்கொள்ளும் அளவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கறாருக்கு இன்றும் பலன் உண்டு: மோசின் வகையில் இழைப்பும் பொருத்தமும் நேர்த்தியானவை எவை என்று சேகரிப்பாளர்களைக் கேட்டால், அமெரிக்காவில் செய்தவற்றை முன்வரிசையில் வைப்பார்கள்.

ஆனால் அந்த நேர்த்தியெல்லாம் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு முழுதாகப் போகவில்லை. 1917-ல் முதலில் சார் போனார், நவம்பரில் போல்ஷெவிக்குகள் வந்தார்கள், பணம் நின்றது. சுமார் 4.7 லட்சம் துப்பாக்கிகள்தான் அதற்குள் ரஷ்யாவுக்குப் போயிருந்தன. இரண்டு ஆலைகளும் மூழ்கிவிடக் கூடாது என்று அமெரிக்க அரசே ஏறத்தாழ 2.8 லட்சத்தை வாங்கிக்கொண்டது. தீப்பிழம்பு விடும் குண்டு ஒன்றை முத்திரையாகக் குத்தி, புதிதாகச் சேர்ந்த வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பயன்படுத்தியது.

இந்த இடத்தில் துப்பாக்கியின் பாதை இரண்டாகப் பிரிகிறது. பின்னாளில் சேகரிப்பாளர் சந்தையில் நடக்கும் வாக்குவாதத்துக்கெல்லாம் வேர் இங்கேதான்.

முதல் பாதை குறுகியது. அரசு வாங்கியவற்றில் ஒரு பங்கு, மிச்சிகன் இளைஞர்கள் நிறைந்த 339-ஆம் காலாட்படையோடு 1918 செப்டம்பரில் வட ரஷ்யாவின் ஆர்க்காங்கெல்ஸ்க் உறைபனிக்குப் போனது. ரஷ்யாவுக்கென்று செய்த துப்பாக்கி, ரஷ்யாவுக்கே, அமெரிக்கன் கையில் போனது. எதிரில் இருந்த போல்ஷெவிக்குகள் பிடித்திருந்ததும் அதே மாதிரி. அமெரிக்கர்களுக்கு இதைப் பிடிக்கவேயில்லை. குறி தவறுகிறது, போல்ட் முரண்டு பிடிக்கிறது என்று திட்டித் தீர்த்தார்கள். மற்றவை அமெரிக்காவை விட்டு நகராமல் கிடங்கில் கிடந்து, போர் முடிந்தபின் ஒன்று ஒருசில டாலர் என்ற கணக்கில் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. நியூயார்க்கின் பழைய ராணுவச் சாமான் வியாபாரி பானர்மன் நிறுவனம் கொஞ்சத்தை வாங்கி, பேரலை வெட்டிக் குறுக்கி, அமெரிக்கத் தோட்டாவுக்கு ஏற்ப மாற்றி விற்றது. ரஷ்யத் தோட்டாவின் அடி பருமன். அமெரிக்கத் தோட்டா மெலிந்தது. இடைவெளியில் தோட்டா உறை கிழிந்தால் சுடுகிறவன் முகத்தை நோக்கித்தான் வாயு பாயும். பானர்மன் மாற்றிய மோசின் சுவரில் மாட்ட மட்டுமே என்று இன்றும் எச்சரிப்பார்கள்.

இரண்டாவது பாதை, அதாவது ரஷ்யாவுக்குப் போய்ச் சேர்ந்தவற்றின் பாதை, பின்லாந்து வழியாகப் போகிறது. எனக்குப் பிடித்தது இதுதான்.

1917 டிசம்பரில் விடுதலை அறிவித்த பின்லாந்து, அடுத்த ஆண்டு உள்நாட்டுப் போரில் ரஷ்யப் படைமுகாம்களின் ஆயுதக் கிடங்குகளைப் பிடித்தது. அவற்றில் அமெரிக்க மோசின்களும் இருந்தன. ஏழை நாடு, புதுத் துப்பாக்கி செய்யப் பணமில்லை. ஆகவே அவர்கள் கையாண்ட வழி இது: போல்ட் ஓடும் எஃகுக் கூடான ரிசீவரை மட்டும் வைத்துக்கொண்டு, தேய்ந்த பேரலைக் கழற்றிப் போட்டுவிட்டு நல்ல பேரல் பூட்டுவது. ரிசீவரை அவர்கள் கிட்டத்தட்ட செய்யவேயில்லை. எதிரியின் கிடங்கு, ஐரோப்பியச் சந்தை என்று எங்கே கிடைத்தாலும் பழையதைப் பொறுக்கி வந்தார்கள். 1924 மாதிரிக்குப் பேரல்கள் ஸ்விட்சர்லாந்தின் சிக் நிறுவனத்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்தன. ‘லோட்டா ஸ்வார்ட்’ என்ற பெண்கள் அமைப்பு அதற்கு நிதி திரட்டியதால் அந்தத் துப்பாக்கிக்கே ‘லோட்டா’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. ரஷ்யன் வரைந்து, அமெரிக்கன் கடைந்து, ஸ்விஸ்காரன் பேரல் பூட்டி, பின்லாந்துப் பெண்கள் சேர்த்த காசில் உயிர் பெற்றது என்றால், அதை எந்த நாட்டுத் துப்பாக்கி என்று சொல்வது?

1939 நவம்பர் 30-ல் சோவியத் படை எல்லை தாண்டியபோது இரு பக்கமும் இதே குடும்பத்துத் துப்பாக்கிதான். தோட்டாவும் பொது என்பதால் பிடிபட்டதெல்லாம் உடனே பயன்பட்டது. (சந்தையில் பின்லாந்து மோசினை விற்கிற எவரும் இரண்டாவது வாக்கியத்துக்குள் சீமோ ஹாய்ஹாவின் பெயரை இழுத்துவிடுவார். அந்தக் குறிபார்ப்பாளர் வைத்திருந்தது எம்28-30 என்ற ஊர்க்காவல் படை மாதிரி. விற்பவர் கையில் இருப்பது பெரும்பாலும் வேறு.) 1942 முதல் ராணுவச் சொத்துகளில் பெட்டிக்குள் ‘எஸ்.ஏ.’ என்ற முத்திரை விழுந்தது. அந்த இரண்டு எழுத்துக்குத்தான் இன்று விலை.

1950-களில் ஐரோப்பியப் படைகள் தானியங்கித் துப்பாக்கிக்கு மாறின. பழையவை மலைபோல் குவிந்தன. அந்த மலையை முதலில் மோப்பம் பிடித்தவர் சாமுவேல் கமிங்ஸ். சி.ஐ.ஏ.-வில் கொஞ்சகாலம் இருந்தவர். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில் ஆற்றங்கரைக் கிடங்குகளோடு இன்டர்ஆர்ம்ஸ் நிறுவனத்தை நடத்தினார். பின்லாந்தும் அவரிடம் விற்றது. அப்படித்தான் சிக்கபீ ஃபால்ஸில் பிறந்த சில துப்பாக்கிகள், நாற்பது ஆண்டு கழித்து, பிறந்த நாட்டுக்கே ‘இறக்குமதிச் சரக்காக’ வந்து இறங்கின. 

அந்தக் காலத்தில் தபாலில் பணம் அனுப்பினால் துப்பாக்கி வீட்டுக்கு வரும். 1963-ல் கென்னடியைச் சுட்ட இத்தாலியக் கார்க்கானோவும் அப்படித் தபாலில், தொலைநோக்கியோடு 19.95 டாலருக்கு வந்ததுதான். 1968-ல் வந்த அமெரிக்கச் சட்டம் தபால் விற்பனையையும் ராணுவ உபரித் துப்பாக்கி இறக்குமதியையும் சேர்த்து மூடியது. 1984-ல் பழம்பொருள் வகையாக மட்டும் கதவு திறந்தது. புதிதாக உள்ளே வருபவற்றில் இறக்குமதியாளர் பெயரும் ஊரும் பொறிக்கப்படவேண்டும் என்பது விதி. ஆகவே சேகரிப்பாளர் முதலில் தேடுவது இருக்கிற முத்திரையை அல்ல, இல்லாத ஒன்றை. இறக்குமதிப் பொறிப்பு இல்லையென்றால் 1968-க்கு முன்பே வந்தது, அல்லது நாட்டைவிட்டுப் போகவேயில்லை என்று பொருள். ஒரு வரி எழுத்து இல்லாததற்காகக் கூடுதல் விலை தருகிற வியாபாரம் வேறெங்கும் இருக்கிறதா தெரியவில்லை.

மேசைக்கு வந்த துப்பாக்கியைச் சேகரிப்பாளர்கள் பார்க்கிற விதம் பெண் பார்ப்பதைவிடக் கடுமையானது. பேரல், போல்ட், தோட்டாப் பெட்டியின் அடித்தகடு, கட்டையின் அடித்தகடு ஆகிய இடங்களில் எண் ஒன்றாக இருக்கிறதா? ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. போருக்குப் பின் சோவியத் பட்டறைகள் லட்சக்கணக்கில் துப்பாக்கிகளைப் பிரித்து, கலந்து கோத்து, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் குத்தின. அப்படிப் பொருந்தியதைப் பிறவிப் பொருத்தமாக யாரும் எண்ணமாட்டார்கள். சாரின் இரட்டைத்தலைக் கழுகு தேய்க்கப்படாமல் இருந்தால் முகம் மலரும். கட்டையில் இரு மரத்துண்டுகளை விரல் கோத்தாற்போல இணைத்திருந்தால் பின்லாந்து தச்சனின் கை. குறிப்பட்டையில் ஆர்ஷின் போய் மீட்டர் வந்திருந்தால் அதுவும் பின்லாந்துக்காரர்கள் வேலை. பேரலில் ‘டி’ எழுத்து இருந்தால் பின்லாந்தின் கனமான டி166 குண்டுக்கு ஏற்ப அறை திருத்தப்பட்டது.

பிறகு உள்ளே. தோட்டாவின் குண்டு முனையைக் குழல் வாயில் செருகிப் பார்ப்பார்கள். உறை வரைக்கும் இறங்கிவிட்டால் வாய் தேய்ந்துபோயிற்று. சோவியத் பட்டறைகள் இப்படித் தேய்ந்த வாயைச் சற்று உள்ளே வரை துளைத்து எடுத்துவிடும். வெளியே தெரியாது, விளக்கடித்தால் தெரியும். குழல் உள்ளே சாம்பல் பூத்திருந்தால் அது பழைய தோட்டாவின் சாபம். அந்த மருந்துமூடியில் இருந்த பொட்டாசியம் குளோரேட், சுட்டபின் உப்பாகப் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். தண்ணீரால் கழுவாத வீரன் ஒரே வாரத்தில் பேரலைப் பாழாக்கிவிடுவான். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது. கிடங்கில் பூசிய கெட்டிக் கிரீஸ் அறைக்குள் காய்ந்திருந்தால் போல்ட் ஒட்டிக்கொள்ளும். அதைப் பழுது என்று நினைத்து அடிமாட்டு விலைக்கு விற்றவர்களும் உண்டு, வாங்கிக் கழுவிச் சிரித்தவர்களும் உண்டு.

இவ்வளவு பார்த்தபின்னும் சண்டை தீராது. ஒருபக்கம், நாட்டைவிட்டு நகராத வெஸ்டிங்ஹவுஸ்: தீப்பிழம்பு முத்திரை, பளபளக்கும் குழல், பிறவி மரம், கிட்டத்தட்ட புதுசு. மறுபக்கம், ஊர் சுற்றித் திரும்பியது: மாற்றிய பேரல், ஒட்டுப்போட்ட கட்டை, கீறல்கள். தாள் இலக்கில் சுட்டால் மாற்றிய பேரல்காரன் முதல்வனுக்குச் சளைக்கமாட்டான், பலமுறை ஜெயிப்பான். ‘அசல்’ என்ற சொல்லைக் கும்பிடுகிறவர்கள் முதலாவதற்கு அதிகம் கொடுப்பார்கள். என் ஓட்டு இரண்டாவதற்கு. கிடங்கில் தூங்கியதற்கு அழகு இருக்கலாம்; வேலை செய்ததில்தான், யார் எப்போது எதற்காகத் தொட்டார்கள் என்று ஒவ்வொரு முத்திரையாகப் படிக்க முடிகிறது. ஆனால் விற்பவர் வாயால் சொல்கிற கதைக்கு ஒரு சல்லிக்காசும் தரமாட்டேன். தொலைநோக்கி மாட்டிய போலிக் குறிபார்ப்பாளர் துப்பாக்கிகள் அந்தச் சந்தையில் ஏராளம்.

சட்டமும் தன் பங்குக்கு விளையாடுகிறது. அமெரிக்கக் கூட்டரசு விதிப்படி 1898-க்குள் செய்யப்பட்டது துப்பாக்கியே அல்ல, தொன்மைப்பொருள். கணக்கு ரிசீவரை வைத்து. ஆகவே 1890-களின் தூலா ரிசீவரில் 1942-ல் பின்லாந்து கோத்த எம்39 மாதிரி மோசின் ஒன்று, அடிவாலைக் கட்டையிலிருந்து கழற்றிப் பார்த்து ஆண்டு தெரிந்ததும், ஒரே நிமிடத்தில் விலை ஏறிவிடும். 1915-க்குப் பின் பிறந்த வெஸ்டிங்ஹவுஸ் ரிசீவருக்கு அந்த யோகம் இல்லை. வெளிமாநிலத்திலிருந்து அதை நேராகத் தன் கைக்கு வரவழைக்க விரும்புகிறவர் 30 டாலர் கட்டி மூன்றாண்டுக்குப் பழம்பொருள் சேகரிப்பாளர் உரிமம் எடுக்கவேண்டும். வரவும் போக்கும் பேரேட்டில் எழுதவேண்டும்.

2000-களில் உக்ரைன் கிடங்குகளிலிருந்து வந்த பிற்கால 91/30 மோசின்கள் நூறு டாலருக்கும் குறைவாகக் கிடைத்தன; 440 தோட்டாக்கள் அடைத்த தகர டப்பாவும் மலிவு. வரத்து வற்றியது. 2021-ல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குப் புதிய அனுமதி கிடையாது என்று வாஷிங்டன் அறிவித்தது. இப்போது சாதாரண 91/30-க்கே பல நூறு டாலர் கேட்கிறார்கள். தோட்டா விலை ஏறியதால் வாங்கிய துப்பாக்கியைச் சுட்டுப் பார்ப்பவர்கள் குறைந்து, கையில் விளக்கும் பூதக்கண்ணாடியுமாக முத்திரை தேடுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பின்லாந்து ராணுவமோ 1980-களில் பழைய மோசின் ரிசீவர்களை எடுத்து, புதுப் பேரல் பூட்டி, டி.கே.ஐ.வி. 85 என்ற குறிபார்ப்பாளர் துப்பாக்கியாக்கிப் படையில் சேர்த்துக்கொண்டது.