சேர்வராயன் மலை ஜீப்பின் முன் இருக்கை

சேலத்துக்கு வடகிழக்கே எழும் சேர்வராயன் மலையின் போக்குவரத்து வரலாற்றைச் சாலைகளின் வரலாறாகவே சொல்லி முடித்துவிடுவது வழக்கம். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையும், குப்பனூர் வழியாக ஏறும் மற்றொரு பாதையும் அந்த வரலாற்றின் முக்கியப் பகுதிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் தார்ச்சாலை முடியும் இடத்தில்தான் மஞ்சக்குட்டை போன்ற ஊர்களைச் சுற்றிய காப்பித் தோட்டங்களின் மண் பாதைகள் தொடங்குகின்றன. மழைக்காலத்தில் சேறாகவும் கோடையில் கல்லும் புழுதியுமாகவும் கிடக்கும் அப்பாதைகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆளையும் மூட்டையையும் சுமந்தது ஜீப். அதன் எஞ்சினைப் பற்றியும், நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பகிரும் அமைப்பைப் பற்றியும் விரிவாகப் பேசுவோர் அதன் இருக்கையைப் பொருட்படுத்துவதில்லை. எனினும், ஒரு வண்டியில் யார் ஏறினார்கள், எதற்காக ஏறினார்கள், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள் என்பனவற்றை எஞ்சினைவிட இருக்கையே தெளிவாகக் காட்டும். பழைய ஜீப்புகளில் இன்று பக்கெட் சீட் பொருத்தும் வழக்கத்தையும் அந்த நோக்கில் பார்த்தால்தான் அதன் பொருள் விளங்கும்.

மலையில் ஏறிய முதல் இருக்கை மனிதத் தோள்களில் ஏறியது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் காப்பிப் பயிரை இங்கு அறிமுகப்படுத்திய பின், ஐரோப்பியத் தோட்ட முதலாளிகளும் கோடையைக் கழிக்க வந்தவர்களும் தென்னாட்டு மலை வாழிடங்கள் அனைத்திலும் நடந்தது போலவே மட்டக்குதிரையிலும், கம்புகளில் கட்டித் தூக்கப்பட்ட டோலியிலும் மலையேறினர். இம்மலையின் பூர்வகுடிகளான மலையாளிப் பழங்குடியினர் (பெயரைக் கொண்டு கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இவர்கள் தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்) ஊருக்கு ஊர் ஒற்றையடிப் பாதைகளில் நடந்தே சென்றனர். உட்கார்ந்து செல்வது ஒருசிலரின் உரிமையாகவும், நடப்பது மற்றவர்களின் நியதியாகவும் இருந்த அந்த ஏற்பாடு மோட்டார் வந்ததும் மறைந்துவிடவில்லை. முன் இருக்கை, பின் பலகை என்ற பாகுபாடாக அது வண்டிக்குள்ளேயே புகுந்துகொண்டது.

ஜீப்பின் இருக்கை முதலில் போருக்காக உருவானது. 1940இல் அமெரிக்க இராணுவம் எடை குறைந்த உளவு வண்டி ஒன்றைக் கேட்டபோது பேன்டம் நிறுவனம் முதல் மாதிரியைச் செய்தது. பின்னர் வில்லிஸ் எம்.பி., ஃபோர்டு ஜி.பி.டபிள்யூ. என்ற ஏறத்தாழ ஒரே வடிவிலான இரு வண்டிகள் 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் வெளிவந்தன. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 80 அங்குலமே இருந்த அந்த வண்டியில் இடம், எடை இரண்டுமே கண்டிப்பாக அளக்கப்பட்டன. ஆகவே முன்பக்கத்தில், வளைத்த எஃகுக் குழாயாலான சட்டத்தின் மேல் கான்வாஸ் உறை போட்ட மெல்லிய மெத்தை வைத்த இரண்டு தனித்தனி இருக்கைகளும், பின்பக்கத்தில் மடக்கக்கூடிய ஒரு சிறு பலகை இருக்கையும் மட்டுமே அமைந்தன. ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில், தளத் தகட்டில் குழித்துவிட்ட பள்ளத்தில் பெட்ரோல் தொட்டி இருந்ததால், பெட்ரோல் நிரப்ப மெத்தையைத் தூக்க வேண்டியிருந்தது. முதுகு சாயும் பகுதி தாழ்ந்திருந்தது. பக்கங்களில் உடலைத் தாங்கும் விளிம்பு ஏதும் இல்லை. வடிவமைத்தவர்கள் இதை மறந்துவிட்டதாகச் சொல்ல முடியாது: வீரன் துப்பாக்கியோடு எந்தப் பக்கமும் கண நேரத்தில் குதித்து இறங்க வேண்டியிருந்த வண்டிக்கு, அவனைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இருக்கை குற்றமாகவே முடிந்திருக்கும். பிற்காலத்தில் ஜீப் இருக்கையின் குறை என்று எண்ணப்பட்டது அனைத்தும் அதன் முதல் பணியில் குணமாகவே இருந்தது.

போர் முடிந்ததும் இராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் இந்தியச் சந்தைக்கு வந்தன. 1945இல் மஹிந்திரா அண்ட் முகம்மது என்ற பெயரில் தொடங்கி 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆன நிறுவனம், 1940களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிகளாகத் தருவித்துப் பம்பாயில் கோத்து விற்கலானது. அமெரிக்காவில் 1953 முதல் 1968 வரை தயாரிக்கப்பட்ட, உயர்ந்த பானெட்டைக் கொண்ட சி.ஜே. 3பி என்ற மாதிரியே இந்திய மலைத் தோட்டங்களில் நெடுங்காலம் ஜீப் என்ற சொல்லின் உருவமாக நின்றது. அமெரிக்காவில் அது நின்ற பிறகும் இங்கே அதன் வழித்தோன்றல்கள் பல பெயர்களில் தொடர்ந்தன. பெட்ரோல் விலை உயர்ந்ததும் டிராக்டரிலிருந்து பெற்ற இன்டர்நேஷனல் டீசல் எஞ்சினும், 1980களின் நடுவில் எம்.எம். 540 மாதிரியில் பெஜோ டீசல் எஞ்சினும் ஏறின. செலவைக் குறைத்த இந்த மாற்றம் உட்காருபவரின் முதுகெலும்பில் வேறு கணக்கை எழுதியது. டீசலின் உதறலும், லீஃப் ஸ்பிரிங் எனப்படும் அடுக்கு வில் பட்டைகளின் விறைப்பும் சேர்ந்தபோது, பழைய மெல்லிய மெத்தை பெயரளவுக்கு மட்டுமே மெத்தையாக எஞ்சியது.

தோட்டத்து ஜீப்பில் இருக்கை என்பது நிலையான பொருளாக இருந்ததே இல்லை. நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை நீளும் அராபிகா காப்பிப் பழப்பறிப்பின்போது பின்பலகைகளைக் கழற்றினால்தான் மூட்டைகளுக்கு இடம் கிடைக்கும். ஆட்களை ஏற்றும் நாள்களில் அதே இடத்தில் பக்கவாட்டில் எதிரெதிராகப் பலகைகள் மீண்டும் அமரும். முன்பக்கத்தில் இரண்டு தனி இருக்கைகளை எடுத்துவிட்டு, மூவர் நெருங்கி உட்காரும் ஒரே நீள இருக்கையைப் போட்டவர்களும் உண்டு. அதன்மேல் போர்த்திய ரெக்சின், இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைடு நகரில் செய்யப்பட்ட செயற்கைத் தோல் துணியின் வணிகப் பெயராகத் தொடங்கி, இந்தியாவில் அவ்வகைத் துணி அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. உள்ளே அடைக்கப்பட்டது முதலில் சுருள் வில்லும் நாரும், பிறகு தேங்காய் நாரில் ரப்பர் பாலைச் சேர்த்து அழுத்திய பாளம், அதன் பிறகு ஃபோம். மேகமூட்டமும் சாரலும் மாதக்கணக்கில் விலகாத மலையில், பக்கக் கதவில்லாத வண்டியின் ரெக்சின் தையல் வழியே நீர் இறங்க, உள்ளிருக்கும் ஃபோம் காயாமலே நாறிப்போவதும், அதன் ஈரம் அடியிலுள்ள தகட்டைத் துருப்பிடிக்கச் செய்வதும் இயல்பு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை குஷன் கடைக்குப் போகாத தோட்டத்து ஜீப் அரிது.

இந்த இடத்தில் சமவெளியின் தொழில் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி ஆகிய ஊர்கள் லாரித் தொழிலுக்கும் லாரிக்குப் பாடி கட்டும் தொழிலுக்கும், கரூர் பேருந்துக்குப் பாடி கட்டும் தொழிலுக்கும் பெயர் பெற்றவை. தொழிற்சாலையிலிருந்து எஞ்சினும் அடிச்சட்டமுமாக மட்டும் வரும் வண்டிக்குக் கூடும் இருக்கையும் உள்ளூரிலேயே செய்துவிடலாம் என்ற துணிவு இவ்வட்டாரத்தின் வெல்டிங் பட்டறைகளிலும் குஷன் கடைகளிலும் ஊறிக்கிடந்தது. வாங்கிய இருக்கையை அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தமிழக ஜீப் உரிமையாளர் எண்ணாததற்கு இச்சூழலும் காரணம். ஓசூரில் 1980களில் ஜெர்மனியின் கிராமர் நிறுவனக் கூட்டோடு தொடங்கப்பட்டு, பின்னர் ஹரிதா சீட்டிங் என்று அறியப்பட்ட நிறுவனம் டிராக்டருக்கும் லாரிக்கும் ஓட்டுநர் இருக்கைகளைச் செய்தது. உட்காருபவரின் எடையையும் அதிர்வையும் கணக்கிட்டு இருக்கையைப் பொறியியலாகப் பார்க்கும் பார்வை, மலையிலிருந்து இறங்கினால் எட்டும் தொலைவுக்கு அப்போதே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பார்வை மலை ஜீப்பைச் சென்றடைந்தது அவ்வழியாக அன்று, பந்தயக் கார் வழியாக.

பக்கெட் சீட் என்பது ஒருவருக்கு மட்டுமான, இடுப்பையும் தோளையும் இரு பக்கமும் அணைக்கும் உயர்ந்த விளிம்புகளைக் கொண்ட இருக்கை. ஒருவருக்கான குழிந்த இருக்கை மோட்டார் வண்டி தோன்றிய காலம் முதலே இருந்தாலும், அதைத் தனிப் பொருளாக வாங்கித் தன் வண்டியில் மாட்டிக்கொள்ளும் வழக்கம் 1960களில்தான் வலுப்பெற்றது. ஸ்டுட்கார்ட்டில் 1906இல் வில்ஹெல்ம் ராய்ட்டர் தொடங்கிய வண்டிக்கூடு கட்டும் தொழிற்சாலையை 1963இல் போர்ஷே வாங்கிக்கொண்டபோது, எஞ்சிய பகுதி ரெகாரோ என்ற பெயரில் இருக்கைத் தொழிலுக்குத் திரும்பி, 1965இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் தன் விளையாட்டு இருக்கையை அறிமுகப்படுத்தியது. கூடு கட்டியவர்களே இருக்கை செய்பவர்களாக மாறிய இக்கதை சங்ககிரிக்காரர்களுக்குப் புதிதாகத் தோன்றாது. இந்தியாவில் 1985இல் வந்த மாருதி ஜிப்சியின் முன்னிருக்கைகள், கரடுமுரடான வண்டியிலும் காரைப் போல உட்காரலாம் என்பதைக் காட்டின. பிறகு மாருதி 800, ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகள் கழிவுக்குப் போகத் தொடங்கியதும், சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிச் சந்தைகளில் அவற்றின் இருக்கைகள் மலிந்தன. பழைய ஜீப்புகளில் முதலில் ஏறியவை பெரும்பாலும் இத்தகைய கழிவு இருக்கைகளே; பெயர் பொறித்த பந்தய இருக்கைகள் பின்னால் வந்தன.

பொருத்தும் வேலை பார்வைக்கு எளிது, உண்மையில் நுட்பமானது. காரின் இருக்கை காரின் தாழ்ந்த தளத்துக்காகச் செய்யப்பட்டது. அதை ஜீப்பின் தளத்தில் ஆங்கிள் இரும்பாலான மேடை அமைத்து உட்கார வைத்தால், தொடை ஸ்டீயரிங்கில் இடிக்கும், தலை தார்ப்பாய்க் கூரையின் குழாயைத் தொடும். பின்னுக்குத் தள்ளலாம் என்றால் பின்சக்கர வளைவு தடுக்கும்; அகலத்தைக் கூட்டினால் நடுவிலுள்ள கியர் நெம்புகோல்களுக்குக் கை நுழையாது. பழைய சட்டத்தின் உயரத்தையும் சாய்வையும் அளந்து, முன்பகுதி பின்பகுதியைவிடச் சற்று உயர்ந்திருக்கும்படி மேடை செய்பவரே நல்ல வேலைக்காரர். தளத் தகடு மெல்லியது. அதில் வெறும் வாஷரோடு போல்ட் போட்டால், மோதலின்போது போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வரும். ஆகவே தளத்தின் அடிப்பக்கம் தடித்த இரும்புத் தகடு கொடுத்து, உயர்வலு போல்ட்டுகளால் இறுக்குவது கட்டாயம். முன் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் தொட்டி உள்ள வண்டியில், தொட்டியைக் கழற்றி வெளியே வைக்காமல் அங்கே துளை போடுவதும் பற்றவைப்பதும் பெருந்தவறு. திறந்த ஜீப்பில் தோள் பெல்ட்டை மாட்டத் தூண் இல்லை என்பதால், பந்தய இருக்கையின் தோள் துளைகள் வழியே பெல்ட்டை இறக்கித் தளத்தில் கட்டுகிறவர்கள் உண்டு. விபத்தில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும் என்பதை அவர்கள் அறிவதில்லை. தோள் உயரத்தில் உறுதியான உருள்காப்புக் குழாய் இல்லாதவரை இடுப்பு பெல்ட்டே அதற்குப் பொருத்தம்.

மென்மை பற்றிய மயக்கமும் களைய வேண்டியது. வினாடிக்கு 4 முதல் 8 முறை வரை மேலும் கீழும் நிகழும் அதிர்வுக்கே உட்கார்ந்த மனித உடல் மிகுதியாக அதிர்கிறது. மிகவும் மெத்தென்ற ஃபோம் அவ்வதிர்வைத் தணிப்பதற்குப் பதிலாகப் பெருக்கிவிடவும் கூடும். உள்ளே விறைப்பும் மேலே மென்மையுமாக இரண்டு அடர்த்திகளில் ஃபோம் அடுக்கும் பழைய குஷன்காரரின் கைப்பழக்கம், விலையுயர்ந்த பல இருக்கைகளைவிட இம்மலைக்கு நன்றாகப் பொருந்துவது இதனால்தான். ஆழ்ந்த விளிம்புகள் பக்கச் சரிவில் உடலை நிறுத்துவது உண்மையே. ஆனால் வாயிற்கதவு தோறும் இறங்கி ஏறவும், பின்னோக்கித் திரும்பிப் பார்த்து ஒற்றைப் பாதையில் பின்வாங்கவும் வேண்டிய தோட்டத்து ஓட்டுநருக்கு அதே விளிம்பு இடையூறு. அத்தகைய இருக்கையைத் தேர்ந்தெடுப்பவர் வேலைக்காக மலையில் ஓட்டுபவராக இல்லாமல், பொழுதுபோக்குக்காக ஓட்டுபவராக இருப்பதே மிகுதி. பழைய முன் இருக்கையை அகற்றி இரண்டு பக்கெட் சீட்டுகளைப் போட்ட நாளிலிருந்து அந்த ஜீப் மூட்டை சுமப்பதும் நின்றுபோகிறது.

சட்டமும் இதில் குறுக்கிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை ஏற்கவில்லை; ஆர்.சி. புத்தகத்தில் இருக்கை எண்ணிக்கையும் பதிவாகியிருப்பதால், பின்பலகையை நிலையாக அகற்றுவது ஆவணத்தையும் தொடுகிறது. ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட பழம்பெரும் வண்டிகளுக்கென 2021இல் வந்த விதிகள், அடிச்சட்டம், கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யப்படாத வண்டிகளையே பதிவுக்கு ஏற்கின்றன. அந்தப் பட்டியலில் இருக்கை பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை என்றாலும், இருக்கைக்காகத் தளத்தை வெட்டுவதும் பற்றவைப்பதும் கூட்டைத் தொடும் வேலையே. பழைய துளைகளிலேயே போல்ட்டால் இறுக்கி, வேண்டும்போது கழற்றக்கூடிய மேடையே இவ்விரு கோணங்களிலும் பாதுகாப்பானது. மூலநிலை கெடுகிறது என்ற புலம்பலில் பாதிதான் உண்மை: தோட்டத்தில் உழைத்த ஜீப் எதிலும் மூல இருக்கை மாறாமல் இருந்ததில்லை. எஞ்சியிருக்கும் சில மூல இருக்கைச் சட்டங்களும் எடைக்கு விற்கப்பட்டுப் பழைய இரும்பாகி வருகின்றன. புதிய இருக்கையை மாட்டுவோர் கழற்றிய பழைய சட்டத்தைத் துருநீக்கி, சாயம் பூசி, வண்டியின் ஆவணங்களோடு சேர்த்துப் பாதுகாக்க வேண்டும்.